நீர்மேல் நிறுத்திய நீலக் கார்

கனடாவின் வடக்கே, வரைபடம் வரைந்தவர்கள் பெயர் எழுதிக் களைத்துப்போய் ஏரிகளை வெறும் நீலப் புள்ளிகளாகத் தெளித்துவிட்டுப் போன பகுதியில், லாங் கேரி என்றொரு சிற்றூர் இருந்தது. அந்த ஊரில் ஒரு வருடம், பனிக்கட்டி முழுவதும் உருகி ஓடிய பிறகும், ஏரியின் நடுவில் நிறுத்தியிருந்த நீலக் கார் மூழ்கவில்லை.

காரை ஏன் ஏரியின் நடுவில் நிறுத்தினார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். லாங் கேரிக்காரர்களுக்கு நாட்காட்டியில் நம்பிக்கை கிடையாது. மார்ச் மாதத்தில் வசந்தம் பிறக்கிறது என்று அச்சடித்தவன் தெற்கே எங்கோ பூந்தோட்டத்துக்குள் உட்கார்ந்து அச்சடித்திருக்கிறான் என்பது அவர்கள் அபிப்பிராயம். ஆகவே ஏரி உறைந்து ஒரு லொறியைத் தாங்கும் அளவுக்குத் தடித்ததும், என்ஜினும் எண்ணெய்த் தாங்கியும் கழற்றிய ஒரு பழைய காரைக் கொண்டுபோய் நடு ஏரியில் நிறுத்துவார்கள். கார் நின்றால் குளிர்காலம். பனி இளகிக் கார் மூழ்கினால் வசந்தம். மூழ்கிய காரை, முன்கூட்டியே கரைப் பைன் மரத்தோடு பிணைத்திருந்த சங்கிலியால் கரைக்கு இழுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். என்றைக்கு மூழ்கும் என்று ஊரார் ஆளுக்கொரு தேதியைக் கராஜ் கதவில் சோக்கால் எழுதிவைப்பதும், சரியாகச் சொன்னவருக்கு அடுத்த குளிர்காலத்துக்கான விறகை ஊரே வெட்டிக்கொடுப்பதும் வழக்கம். இதற்கு ஊர்ச் சபையின் விதி ஒன்றும் உண்டு: காரை நிறுத்தியவரோ அவர் வீட்டாரோ தவிர வேறெவர் கையும் அதில் படக்கூடாது. யாராவது போய் உந்திவிட்டு விறகு வாங்கிக்கொண்டு போன பழைய சம்பவம் ஏதாவது அதற்குப் பின்னால் இருக்கும். நல்ல விதிகளெல்லாம் அப்படித்தான் பிறக்கின்றன.

ஊரின் பெயருக்கு நீண்ட சுமை என்று பொருள். ஐரோப்பியப் பிரபுக்கள் பீவர் என்னும் நீர்விலங்கின் தோலில் தொப்பி போட்டுக்கொண்டால்தான் வெளியே தலைகாட்டலாம் என்றிருந்த காலத்தில், தோல் வியாபாரிகள் ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குத் தங்கள் ஓடங்களைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்த வழி அது. அதற்குச் சற்று முன்பு இங்கிலாந்து மன்னர் ஒருவர், வடக்கிலுள்ள பெரிய வளைகுடாவில் விழும் ஆறுகள் எந்த எந்த நிலத்தில் ஓடுகின்றனவோ அந்த நிலமெல்லாம் தன் உறவினரின் கம்பனிக்கே என்று எழுதிக்கொடுத்திருந்தார். எத்தனை ஆறு, எவ்வளவு நிலம் என்பது மன்னருக்குத் தெரியாது. அந்த நிலத்தில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு மன்னரைத் தெரியாது. ஆகையால் இரு தரப்பிலும் ஆட்சேபம் எழவில்லை.

இப்படிப்பட்ட ஊருக்கு யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து மனுவேற்பிள்ளையும் அவர் மனைவி யசிந்தாவும் வந்து சேர்ந்தது, எல்லோரையும் போலப் பல ஊர்களைச் சுற்றித்தான். ஊரின் ஒரே கராஜை அவர் நடத்தினார். அதன் மூலையில் இரண்டு மேசை போட்டு யசிந்தா தேநீரும் ரோல்ஸும் விற்றாள். வெள்ளிக்கிழமைகளில் ஏரி மீன் ரோல்ஸ். முதல் வருடம் உறைப்பில் அழுத ஊர், மூன்றாம் வருடம் உறைப்புக் காணாது என்று குறைசொல்லத் தொடங்கியது.

மனுவேற்பிள்ளைக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வண்டியை எங்கே நிறுத்தினாலும் கைபிரேக்கை மேலே இழுத்து, அது இன்னொரு பல் ஏறுமா என்று ஒரு தரம் எக்கிப் பார்ப்பார். இளவயதில் மீன் லொறி ஓட்டிக் கண்டிக்குப் போகும் வழியில், கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறியை நிறுத்திவிட்டுத் தேநீர்க் கடைக்குள் போனார். கைபிரேக் போட மறந்திருந்தார். லொறி தானாகவே பின்னுக்கு உருண்டு போய், அதே கடையின் பக்கச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. அன்றிலிருந்து, "சமதரை எண்டு ஒண்டு இல்லையடியப்பா. சரிவு சில இடத்தில தெரியும், சில இடத்தில தெரியாது" என்பது அவர் பேச்சாகிவிட்டது.

வடக்கே இது பிழையான பழக்கம். குளிர்காலத்தில் கைபிரேக் போட்டால் அதன் கம்பி உறைந்து இறுகிவிடும். பிறகு அது விடாது. இதை லாங் கேரியில் நடைபழகும் பிள்ளைகூட அறியும். அங்கே மாரி முழுதும் எவரும் அந்தப் பிடியைத் தொடுவதே இல்லை. மனுவேற்பிள்ளைக்கும் பலபேர் சொன்னார்கள். அவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு இழுத்தே நிறுத்தினார். காலையில் சுடுதண்ணீர்க் கேத்தலோடு போய்க் கம்பியை இளக்கினார்.

ஒருமுறை பெட்ரோல் போட வந்த நிலஅளவைக்காரர் ஒருவர் அவருக்கு ஒரு செய்தி சொன்னார். பனியுகத்தில் இந்த நாட்டின்மேல் மலையுயரத்துக்குப் பனிப்பாளம் கிடந்ததாம். அந்தப் பாரம் போய்ப் பல ஆயிரம் வருடமாகியும், ஆள் எழும்பிப் போன மெத்தை மாதிரி நிலம் இன்னும் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டிருக்கிறதாம். வடக்கு கூடுதலாக உயர்கிறது, தெற்கு குறைவாக. ஆகவே ஏரிகளெல்லாம் ஒருவருக்கும் தெரியாமல் தெற்குப் பக்கம் சரிகின்றனவாம். மனுவேற்பிள்ளை அன்று கை கழுவாமலே மூலைக்கு ஓடிவந்தார்.

"கேட்டியே யசிந்தா, நாடே சரிவாம்!"

"நல்லது. அதுக்கும் ஒரு பிரேக் போட்டு விடுங்கோ" என்றாள் அவள், ரோல்ஸைப் புரட்டியபடி.

அந்த வருடம் காரை நிறுத்தும் மரியாதை மனுவேற்பிள்ளைக்குக் கிடைத்தது. தன்னுடைய பழைய நீலக் காரையே அதற்குக் கொடுத்தார். உழவு இயந்திரம் இழுக்க, அவர் உள்ளே இருந்து திசை பிடித்தார். பனிமேல் போகும்போது சீட் பெல்ட் போடக்கூடாது, ஜன்னல்களை இறக்கிவிட வேண்டும் என்ற ஊர் ஒழுங்கையெல்லாம் கடைப்பிடித்தார். இறங்குவதற்கு முன் அவருடைய வலது தோள் ஒருமுறை எக்கியதைக் கரையில் நின்ற யசிந்தா கண்டாள். பார்த்துக்கொண்டு நின்ற மற்றவர்களுக்கு அது ஒரு தோள் அசைவுதான்.

பெப்ரவரியில் கராஜ் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே சாய்ந்தார். வைத்தியர் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அங்கே மாரியில் இறந்தவர்களை உடனே அடக்கம் செய்ய முடியாது. நிலம் இரும்பாக இறுகியிருக்கும். கல்லறைத் தோட்டமான சேமக்காலையின் ஓரத்தில் ஜன்னலில்லாத ஒரு கல்வீடு உண்டு. வசந்தம் வரும்வரை பெட்டிகள் அதற்குள் காத்திருக்கும். கத்தோலிக்கர், லூத்தரன் என்ற பேதமெல்லாம் நிலம் இளகிய பிறகுதான். மனுவேற்பிள்ளையின் பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தபோது ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது: பின்லாந்திலிருந்து சிறு பிள்ளையாக வந்த மரம்வெட்டி எய்னோவின் மனைவி சைமா.

யசிந்தாவின் ஒரே மகள் டிலானி டொரொண்டோவிலிருந்து வந்து அழுதாள். அழுது முடித்ததும் ஒழுங்குகள் செய்தாள். கராஜுக்கு ஆள் பார்த்தாயிற்று. அம்மா தன்னோடு வந்துவிடுவது.

"வசந்தத்தில அப்பாவை அடக்கம் பண்ணுவம். அதோட நீங்கள் வெளிக்கிட வேணும். இஞ்ச தனிய இருந்து என்ன செய்யப்போறீங்கள்?"

"ஓம் பிள்ளை" என்றாள் யசிந்தா. வசந்தத்துக்கு இன்னும் நாள் கிடந்தது.

மே மாதம் பனி இளகியது. முதலில் கரையோரம் கறுத்தது. பிறகு இடி முழக்கம் போல வெடித்து, பாளம் பாளமாகத் தெற்கே போனது. ஊர் முழுதும் கதிரை போட்டுக் கரையில் உட்கார்ந்து பார்த்தது. கடைசிப் பாளம் காரின் அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு போக, கார் நான்கு சக்கரமும் தண்ணீர்மேல் வைத்து, சீமெந்துத் தரையில் நிற்பது போல நின்றது. அலை வந்தால் கார் ஆடவில்லை. அலைதான் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சமைக்க நேரமாகிவிட்டதென்று எழும்பிப் போனார்கள்.

மறுநாளும் நின்றது. அடுத்த கிழமையும் நின்றது. கதவில் எழுதிய தேதிகளெல்லாம் ஒவ்வொன்றாகக் காலாவதியாக, புதுத் தேதி எழுத ஊர்ச் சபை அனுமதித்தது. சங்கிலியால் இழுத்துப் பார்க்கலாமா, அது கை படுவதாகுமா என்று ஆராய்ந்து, ஆகாது என்று முடிவு செய்து, உழவு இயந்திரத்தைப் பூட்டி இழுத்தார்கள். இயந்திரத்தின் பின்சக்கரங்கள் கரை மண்ணைத் தோண்டிக்கொண்டு இறங்கின. கார் ஓர் அங்குலம் அசையவில்லை. சங்கிலியைத் தளர்த்தி, பழையபடி கரையிலுள்ள பைன் மரத்திலேயே கட்டிவிட்டு வந்தார்கள்.

கார் நின்றதால் குளிர்காலமும் நின்றது. பனி அள்ளும் வண்டி போக வேண்டுமென்பதால் இரவில் தெருவில் கார் நிறுத்தத் தடை தொடர்ந்தது. பனி வண்டியும் தன் பாட்டுக்குப் பூக்களுக்கு நடுவே போய்வந்தது. வீட்டுக்காரர்கள் வாடகைக்காரர்களுக்கு அடுப்பெரித்துக் கொடுத்தார்கள். வாடகைக்காரர்கள் உள்ளாடையோடு உட்கார்ந்து நன்றி சொன்னார்கள். படகு இறக்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில் கம்பளிச் சட்டை கட்டாயம். காரின் கூரையில் ஒரு கடற்பறவை கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. அதற்குச் சபை ஆட்சேபிக்கவில்லை, பறவைக்குக் கை இல்லை. கல்வீட்டுக்குள்ளும், ஊரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதுபோல, உறைபனி அப்படியே கிடந்தது. வெளியே நுளம்பு பறந்தது. உள்ளே கூரையிலிருந்து பனி ஈட்டிகள் தொங்கின.

ஊர்த்தலைவி லூசெட் ஜூலை மாதக் கூட்டத்துக்குக் கம்பளித் தொப்பியோடு வந்தாள். அவள் பிரெஞ்சுக்காரி, சட்டம் படிக்க ஆசைப்பட்டுத் தபாலகத்தில் வேலை பார்த்தவள். அவள் பேசியதும் மற்றவர்கள் பேசியதும் ஆங்கிலந்தான். ஆனால் யசிந்தாவின் காதில் எந்தப் பாஷையும் பாசையூர்த் தமிழாகத்தான் வந்து இறங்கும்.

"விதி விதிதான். கார் நிக்குது. ஆகவே குளிர்காலம்."

"லூசெட், உன்ர மூக்கில நுளம்பு நிக்குது" என்றாள் வெர்னா. கிரீ என்ற பூர்வகுடி இனத்தவளான அவளுடையது ஊரின் பெரிய படகு.

"குளிர்கால நுளம்பு" என்று லூசெட் அதை அடித்தாள்.

"எங்கட சனத்துக்கு ஆறு காலம் இருந்தது. நீங்கள் வந்து நாலாக்கினீங்கள். இந்தச் சபை ரெண்டாக்கினது. இப்ப ஒண்டுதான் கிடக்கு. இன்னுமொரு கூட்டம் வைச்சா அதையும் எடுத்துப்போடுவீங்கள்" என்றாள் வெர்னா.

சிரிப்பு அடங்கியதும் லூசெட் யசிந்தாவின் பக்கம் திரும்பினாள். "விதிப்படி அதைத் தொட உரிமை உள்ள ஆள் இப்ப நீ ஒருத்திதான். உனக்கு ஏதும் தெரியுமே, அது ஏன் நிக்குதெண்டு?"

"எனக்கென்ன தெரியும்? நான் கார் ஓட்டாத ஆள்" என்றாள் யசிந்தா.

அவள் கார் ஓட்டுவதில்லை என்பது உண்மை. தெரியாது என்பதுதான் பொய். கடைசிப் பனிப்பாளம் விலகிய நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிசன் ஒன்றை நிறுத்தினால் அதற்குக் கீழே பனி இருந்தாலென்ன, தண்ணீர் இருந்தாலென்ன, பிரேக்கை விடும்வரை அது நிற்கும். கார் நிற்கும்வரை குளிர்காலம். குளிர்காலம் வரை அவர் கல்வீட்டில். அவர் கல்வீட்டில் இருக்கும்வரை அவள் லாங் கேரியில். ஒரு பிடியைக் கீழே தள்ளினால் இவ்வளவும் சரிந்துவிடும். பிள்ளைப் பருவத்திலிருந்து விட்டுவிட்டு வந்த வீடுகளை அவள் எண்ணுவதில்லை. இது ஒன்றையாவது விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டிலானி கிழமைக்கொருக்கால் போன் எடுத்தாள்.

"அம்மா, இண்டைக்கு டொரொண்டோவில முப்பத்தி மூண்டு டிகிரி. உங்களுக்கு இன்னும் மாரியோ?"

"இஞ்சத்தைச் சட்டம் அப்பிடி, பிள்ளை."

"உது விசர்ச் சட்டம்!"

"சட்டத்தை நான் என்ன செய்ய?"

ஒவ்வொரு பின்னேரமும் யசிந்தா பிளாஸ்கில் தேநீர் எடுத்துக்கொண்டு கல்வீட்டு வாசலுக்குப் போவாள். அங்கே எய்னோ ஏற்கெனவே மடக்குக் கதிரையில் இருப்பார். அவளுக்கும் ஒரு கதிரை விரித்து வைத்திருப்பார். பின்லாந்துக்காரர்கள் வாய் திறப்பது கோப்பி குடிக்கத்தான் என்று ஊரில் பகிடி சொல்வார்கள். அவர் தேநீருக்கும் திறந்தார். பேச்சுக்குத் திறந்தது ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள்.

"சைமா ஒருநாளும் ஜன்னல் சாத்திப்போட்டு நித்திரை கொண்டதில்லை."

"மாரியிலயும் இல்லையோ?"

"மாரியிலயும் இல்லை. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் எனக்குத் தடிமன்."

யசிந்தா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கல்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஜன்னல் இல்லை" என்றார்.

நுளம்புகளை விரட்டிக்கொண்டே அவர் தொடர்ந்தார்.

"செப்டெம்பரில மகன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போறான். முதியோர் இல்லம். பன்னிரண்டாம் மாடியாம். அங்க ஜன்னல் திறக்கேலாதாம், கட்டடம் அப்பிடி. எனக்குப் பரவாயில்லை, தடிமன் மாறும்." அவர் கோப்பையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "போறதுக்கு முன்னம் அவளை வெளியில விட்டுட்டுப் போனால் நல்லது."

யசிந்தா தேநீர் ஊற்றப் போனாள். பிளாஸ்க் வெறுமையாக இருந்தது. இருந்தும் கொஞ்ச நேரம் சரித்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"மனுவேல் பூட்டின நட்டை ஒருத்தராலும் கழட்டேலாது" என்றார் எய்னோ. "நல்ல வேலைக்காரன்."

எதையாவது தெரிந்து சொன்னாரா, இறந்த நண்பனைப் புகழ்ந்துதான் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டாலும் அவருடைய அந்த வருடத்துப் பேச்சு முடிந்துவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் அவள் வெர்னாவின் வாசலில் நின்றாள்.

"வெர்னா, உங்கட படகைத் தண்ணியில இறக்கலாமே?"

"சட்டப்படி இது குளிர்காலம். படகு இறக்கினால் லூசெட் என்னை உரிச்சுத் தொப்பி தைப்பாள்."

"அப்ப என்ன செய்யிறது?"

வெர்னா சப்பாத்தைத் தேடினாள். "சட்டப்படி நாங்கள் ரெண்டு பேரும் பனிமேல நடந்து போறம். படகு சும்மா காலுக்குக் கீழ கிடக்கும்."

ஏரி அமைதியாக இருந்தது. படகு காரை நெருங்க நெருங்க, சக்கரங்களுக்குக் கீழே தண்ணீர் தெளிந்து, அதற்குள் மீன்கள் போவது தெரிந்தது. குஞ்சுகள் பறந்துவிட்ட கூடு கூரையில் காய்ந்து கிடந்தது. வெர்னா படகைக் கதவோடு அணைத்துப் பிடிக்க, யசிந்தா கதவைத் திறந்து, மனுவேற்பிள்ளையின் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்து இருக்கையில் அவள் இருந்ததில்லை. உள்ளே கிறீஸும் கம்பளியும் கலந்த அவர் வாசம். முன்கண்ணாடியின் ஓரத்தில் மடு மாதா படம். கைபிரேக், அவள் நினைத்த மாதிரியே, கூரையைத் தொடப் போவதுபோல நிமிர்ந்து நின்றது.

பொத்தானை அழுத்தித் தள்ளினாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். அசையவில்லை. கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுவந்திருக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் இது உறைந்து இறுகியதல்ல, பிடித்துக்கொண்டு நிற்பது என்று அவளுக்குத் தெரிந்தது. தன் கை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தாள். மேல் பக்கம்.

"இஞ்சருங்கோ" என்றாள், படகுக்குக் கேட்காத குரலில். "அந்த மனிசி மூச்சு முட்டிக்கொண்டு கிடக்குதாம். காணும். விடுங்கோ. நானும் விடுறன்."

பிடி கீழே இறங்கியது. காரின் அடியில் ஏதோ நீளமாகப் பெருமூச்சு விட்டது.

"வெளியில வா!" என்று வெர்னா கத்தினாள்.

யசிந்தா படகுக்குள் விழாத குறையாக இறங்கினாள். கார் மூழ்கவில்லை. அது உருண்டது. ஓட்டுநர் இல்லாத லொறி ஏற்றத்தில் பின்னுக்குப் போவதுபோல, மெதுவாக, யோசித்து யோசித்து, கண்ணாடி போல மட்டமாகக் கிடந்த ஏரியின்மேல் தெற்குப் பக்கமாக உருண்டு போனது. அதன் பின்னால் சங்கிலி சலசலத்துக்கொண்டு நீண்டது.

"ஏரி மட்டமாத்தானே கிடக்கு?" என்றாள் வெர்னா.

"இல்லை" என்றாள் யசிந்தா. "சரிவு." சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. இதைப் பார்க்க அந்த மனிசன் இல்லாமல் போய்விட்டார்.

சங்கிலி இறுகியது. கார் நின்றது. பிறகு, தொப்பி கழற்றும் ஆளைப் போல முன்பக்கம் தாழ்த்தி, குமிழிகள் விட்டுக்கொண்டு அமிழ்ந்தது. கூடு மட்டும் மிதந்தது.

கோயில் மணி அடித்தது. லூசெட் தபாலக வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினாள். ஊரில் வசந்தம் பிறந்தது. அன்றைக்கே கராஜ் வாசலில் குளிர்கால டயர் மாற்ற வரிசை நின்றது. யாருக்கு விறகு என்று கதவைப் பார்த்தபோது, தேதிகளுக்கெல்லாம் கீழே வெர்னாவின் கையெழுத்தில் 'அவள் விடுகிற அன்று' என்றிருந்தது. ஏரியைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று ஊர் எடுத்துக்கொண்டது. லூசெட் மட்டும் யசிந்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விறகுக்குக் கையொப்பம் வைத்தாள்.

கல்வீட்டின் கதவைத் திறந்தபோது பனி ஈட்டிகள் தாமாகவே சொட்டத் தொடங்கின. இரண்டு அடக்கமும் ஒரே நாளில் நடந்தன. சுவாமியார் ஒரு குழியிலும் போதகர் மறு குழியிலும் ஒருவர் முடிக்க ஒருவர் தொடங்கினார்கள். மண் போடுவதற்கு முன் யசிந்தா குனிந்து, கைக்கடக்கமான ஒரு கல்லை எடுத்து, கயிறு பிடித்தவர்களிடம் கொடுத்து, பெட்டியின் கால்மாட்டில், தெற்குப் பக்கமாக, லொறிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது போல அண்டை கொடுக்கச் சொன்னாள். எய்னோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானும் ஒரு கல் தேடினார். கல்லை எடுத்தவர் கொஞ்சம் யோசித்துத் திரும்ப வைத்துவிட்டார். சைமா போக விரும்பினால் போகட்டும் என்று நினைத்திருப்பார்.

பின்னேரம் டிலானி அம்மாவின் இரண்டு பெட்டிகளையும் தன் பழைய சிறு காரில் ஏற்றினாள். கராஜ் மூலையில் மேசைகள் கவிழ்த்து வைத்திருந்தன. ரோல்ஸ் பொரித்த தாச்சி கழுவிக் காயவிட்டிருந்தது. யசிந்தா முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தி, கேட்பதற்கு முன்பே பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள்.

"வெளிக்கிடுவமே, அம்மா?"

"ஓம் பிள்ளை."

டிலானி என்ஜினை முடுக்கிக் கியரைப் போட்டாள். கார் முக்கியது, நகரவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தாள். சக்கரம் எங்கோ கல்லில் மாட்டியிருக்குமென்று வெளியே எட்டிப் பார்த்தாள்; கல் எதுவும் இல்லை. தலையை உள்ளே எடுத்தபோதுதான் கண்டாள். இரண்டு இருக்கைக்கும் நடுவில் கைபிரேக் மேலே ஏறி நின்றது. அதன்மேல் அம்மாவின் கை. அம்மா முன்னால், தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் இடது தோள், இன்னொரு பல் ஏறுமா என்று பார்ப்பதுபோல, ஒருமுறை மெல்ல எக்கியது.

டிலானி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினாள்.

"ரோல்ஸுக்கு மீன் கிடக்கே, அம்மா?" என்று கேட்டாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை."